மூன்றாம் ஓலை

நேசபாயின் கழுத்தில் கட்டி வந்தபோது ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவள் அண்ணன் செல்வதாஸும் இதே நிணநீர்ப் புற்றுநோயில்தான் போயிருந்தார். குடும்ப வியாதி என்று சொல்லி ஊர் கையைக் கழுவிக்கொண்டது.

திருவனந்தபுரத்து டாக்டரம்மா அப்படி விடவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்துப் பொறுமையாக விளக்கினார். உடம்பில் கெட்டுப்போன உயிரணுவை அடையாளம் காட்டிக்கொடுக்கிற மரபணுக்கள் அம்மாவிடமிருந்து ஒரு பங்கும் அப்பாவிடமிருந்து ஒரு பங்குமாக வருமாம். இரண்டும் வேறு வேறாக இருந்தால் காவல் பலம். நேசபாயின் அப்பாவும் அம்மாவும் அத்தை மகனும் மாமன் மகளும். அவளுக்கு இரண்டு பங்கும் ஒன்றாகவே வந்திருந்தன. அதனால் இந்த நோய்க்கான வாய்ப்பு கொஞ்சம் கூடும், வந்தே தீரும் என்று அர்த்தமில்லை என்று இரண்டு தடவை சொன்னார்.

அந்தக் கொஞ்சம்தான் நேசபாயைப் பிடித்துக்கொண்டது. மகள் பெபிஷாவுக்கும் செல்வதாஸின் மகன் ஜெரிஷுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் இப்படி வந்தால்? வீட்டில் சொல்லிப் பார்த்தாள். சாகக் கிடந்த செல்வதாஸுக்குக் கொடுத்த வாக்கை மாற்ற முடியாது என்று கணவர் குமாரதாஸ் எழுந்து போனார். ஜெரிஷ் மேல் உயிரையே வைத்திருந்த பெபிஷா மூன்று நாள் சாப்பிடவில்லை.

இரணியல் பக்கத்தில் அவர்கள் சபையில், யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்று அறிவிக்கிற ஓலையை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை உண்டானால் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். அது கேட்பதற்காகக் கேட்கிற கேள்வி; யாரும் பதில் சொன்னதில்லை. இரண்டு ஞாயிறு நேசபாய் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மூன்றாம் ஞாயிறு, முடி கொட்டிய தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்தாள்.

"தடை இருக்கு அய்யா. எங்க வீட்டு ரத்தத்துல காவல் இல்ல. அது ரெண்டு பக்கமும் சேரப்பிடாது."

டாக்டரம்மாவின் 'வாய்ப்பு', 'கொஞ்சம்' எல்லாம் பயத்தில் விட்டுப்போயின. இது சபைச் சட்டப்படி தடையாகாது என்று போதகர் மெதுவாகச் சொன்னார். ஊர்ச் சட்டப்படி ஆகிவிட்டது. பெபிஷாவுக்குப் புற்றுநோய் நிச்சயம் என்று சாயங்காலத்துக்குள் பேசி முடித்துவிட்டார்கள். ஜெரிஷுக்கும் அதே வீட்டு ரத்தம்தானே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆம்பளைப் பிள்ளைக்கு யார் ரத்தம் பார்த்தார்கள்?

செல்வதாஸின் மனைவி நிச்சய மோதிரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கட்டினவனை இந்த நோய்க்குக் கொடுத்தது போதும், மருமகளையும் கொடுக்கத் தெம்பில்லை என்றாள். ஜெரிஷ் வரவேயில்லை. பிறகு பெபிஷாவைப் பார்க்க வருவதாகச் சொன்ன மூன்று இடத்தாரும் வரவில்லை. பெபிஷா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், பேச மட்டும் மாட்டாள். பிறக்காத ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போய்ப் பெற்ற பிள்ளையைத் தொலைத்துவிட்டோமே என்று நேசபாய் வெந்துபோனாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு போதகர் புது ஓலை வாசித்தார். மணமகன் ஜெரிஷ். மணமகள் ஸ்மைலின், அவன் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் மகள். தடை உண்டானால் சொல்லலாம் என்றார்.

பெபிஷா எட்டு மாதத்தில் முதல் தடவையாக அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அதுவும் மாமன் மகதான். எழும்பலியா அம்மா?"

நேசபாய் பெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தாள். போதகர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.