மகள் எழுதிய நான்கு வரி

இன்னும் ஒன்பது நாளில் தாயின் இடது சிறுநீரகத்தை எடுத்து மகளின் உடலில் பொருத்த வேண்டும். தாயோ விமான நிலையத்து விசாரணை அறையில், தரையோடு திருகி இறுக்கப்பட்ட நாற்காலியில் அமர்ந்திருந்தாள். மருத்துவமனைக் கடிதம் மேசைமேல் கிடந்தது. அதிகாரி அதைப் படித்து ஒதுக்கி வைத்திருந்தார்.

"பயப்படாதீங்கம்மா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றாள் மொழிபெயர்க்க வந்த பெண்.

"பயம் என்னம்மா? கடத்திட்டு வந்தது ஒரே ஒரு கிட்னி. அதுக்கும் லெட்டர் இருக்கு."

அதிகாரி கணினித் திரையைத் திருப்பினார். முகநூலில் தாயின் பெயர், படம், அதன்கீழ் நான்கு வரி. இந்நாட்டு விமானங்கள் ஒரு பள்ளிக்கூடத்தின்மேல் குண்டு பொழிந்த வாரத்தில் எழுதப்பட்டவை. ஆணையிட்டவர்களைக் கொலைகாரர்கள் என்றன.

தாய் அவ்வரிகளை அறிவாள். நோய் தெரியவருமுன், சென்ற ஆண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்த மகள், தையல் இயந்திரத்தின் அருகமர்ந்து தாயின் கைபேசியில் எழுதியவை அவை. "என் பேர்ல போட்டா வேலையும் போகும், விசாவும் போகும். உன் பேர்ல போடறேன்மா. துணி தைக்கிறவளை எவன் வந்து கேட்கப்போறான்?" என்றாள் மகள். நூலைப் பல்லால் அறுத்தபடியே, "போடு, போடு" என்றிருந்தாள் தாய்.

"நீங்க எழுதினதான்னு கேட்கறார். இல்லேன்னா, எழுதினவங்க பேரைச் சொன்னாப் போதுமாம். உள்ளே விட்டுடுவாராம்."

"அந்த ஆளை என்ன பண்ணுவாங்க?"

அப்பெண் கேட்டுச் சொன்னாள்: "இங்கே இருக்கிற வெளிநாட்டுக்காரங்கன்னா திருப்பி அனுப்பிடுவாங்களாம்."

வாரம் மும்முறை மகளின் குருதியைத் தூய்மை செய்யும் இயந்திரம் இந்நாட்டில் இருந்தது. சொந்த ஊரில் அதற்குப் பெயர் பதிந்து காத்திருந்தோருள் இருவர், முறை வருமுன்னே உயிர் நீத்ததைத் தாய் கண்டிருக்கிறாள். இறைவன் திருவடியை ஒருகணம் நெஞ்சில் இருத்தினாள்.

"நான்தான் எழுதினேன்."

"அம்மா, யோசிச்சு..."

"நான்தான்னு சொல்லும்மா."

"உங்க பொண்ணுக்கு இது தெரியுமாங்கறார்."

"அவளுக்கு என்ன தெரியும்? அம்மா ஒரு வாயாடின்னு தெரியும்."

கடவுச்சீட்டில் முத்திரை விழுந்தது. மாலை விமானத்திலேயே அவள் திரும்ப வேண்டும். ஒருமுறை தொலைபேச அனுமதி கிடைத்தது. வருகைக்கூடத்தில் காத்திருந்த மகள் முதல் மணியிலேயே எடுத்தாள். தாய் நடந்ததைச் சொன்னாள்.

"நான் உள்ளே வந்து உண்மையைச் சொல்லிடறேன்மா."

"அடி வாங்குவே. வேற யாராவது பொருந்தறாங்களான்னு டாக்டரைப் பார்க்கச் சொல்லு. அதுவரைக்கும் மிஷினை விட்டுடாதே."

"வேற யாரும்மா இருக்காங்க?"

அதிகாரி என்னவென்று வினவ, "மகளைத் தேற்றுகிறார்" என்று அவர் மொழியில் கூறிவிட்டு, மொழிபெயர்ப்பாளப் பெண் தன் காகிதங்களை அடுக்கலானாள்.

"யார் கேட்டாலும், அம்மா எழுதினதுன்னு சொல்லணும். எங்கே, சொல்லு" என்றாள் தாய்.

"அம்மா... எழுதினது."

"அழாம சொல்லு."