பன்னிரண்டு குழிகள்

நந்தினி காரைக்கால் கடைத்தெருவில் கீல்களை வாங்கிக்கொண்டு கோவில்பத்துப் பட்டறைக்குத் திரும்பியபோது மணி பதினொன்று. ஆறு கப்போர்டு கதவுகளும் வழவழவென்று சுவரில் சாய்ந்திருந்தன. கதவுகளில் இருந்த குழிகளைக் காணவில்லை!

ஒன்றா இரண்டா, பன்னிரண்டு குழி. கீல் உள்ளே புதைந்து உட்காருவதற்காகக் கையடக்கச் சுழல் மிஷினால் ஒன்றரை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குடைந்தவை. பதினெட்டு மில்லிமீட்டர் கனப் பலகையில் பன்னிரண்டு மில்லிமீட்டர் ஆழம். கை கொஞ்சம் அழுந்தினாலும் மறுபக்கம் பிய்த்துக்கொள்ளும். அவள் பெயரில் வந்த முதல் வேலை வேறு. அடுப்படிக்குக் கதவு செய்யச் சொன்ன ஒர்த்தான்ஸ் மதாம் நாலு மணிக்குப் பார்க்க வருகிறார். பிடித்தால் வீடு முழுக்க அவளே செய்யலாம். பிடிக்காவிட்டால் இதோடு சரி.

மாமனார் ஐயனார் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷமாக ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிறவர். மகள் வீட்டிலிருந்து அன்று காலைதான் வந்திருந்தார். அவர் பையில் மாற்றுத்துணி இருக்கிறதோ இல்லையோ, ஓட்டை அடைக்கிற ரெசின் பசை டப்பா இருக்கும்.

“எவனோ மட்டமான பலகைய உன் தலையில கட்டிட்டாம்மா. எல்லாத்துலயும் பாதி ஓட்டை. ஒண்ணு விடாம அடைச்சுத் தேச்சு வச்சிட்டேன். சொட்டுத் தண்ணி எறங்காது,” என்றார் பெருமையாக.

“மாமா, அது நான் போட்ட குழி. கீல் வைக்கிறதுக்கு.”

ஐயனார் முகம் சுண்டிப்போயிற்று. பாவம், ஓட்டை என்று கண்டால் அடைக்காமல் அவரால் தாண்டிப்போக முடியாது. கடலில் அதுதானே உயிர்! நந்தினிக்குக் கத்தத்தான் வந்தது. கத்தினால் குழி வந்துவிடுமா என்ன? மிஷினை எடுத்துப் பிளக்கில் செருகினாள்.

வெயிலில் ரெசின் கல்லாக இறுகியிருந்தது. முனை வழுக்கியது. ஐயனார் கேட்காமலே வந்து கதவை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இருவரும் சோற்றையும் மறந்து வேலை பார்த்தார்கள். பன்னிரண்டாவது குழியின் தூளை ஊதிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

ஒர்த்தான்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழி விளிம்பை விரலால் தடவினார்.

“இதென்ன சுத்திலும் வெள்ளையா? ஒட்டுப் போட்ட கதவையா எனக்குக் குடுக்கப் போற?”

நந்தினி வாயைத் திறப்பதற்குள் ஐயனார் முன்னால் வந்தார்.

“அவ சரியாத்தான் கொடஞ்சிருந்தா மதாம். படகுக்குப் பாக்குற மாதிரி அடைச்சுக் கெடுத்தது நாந்தான். கொறை சொல்றதுன்னா என்னையச் சொல்லுங்க.”

கல்யாணமாகி எட்டு வருஷத்தில், தான் செய்தது தப்பு என்று மாமனார் சொல்லி அவள் கேட்டதேயில்லை.

ஒர்த்தான்ஸ் ஒரு கீலை எடுத்துக் குழியில் அழுத்திப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

“எங்க வீட்டுல மழைக்கு அடுப்படிச் செவுரே ஊறும். பழைய கதவெல்லாம் கீல் பக்கந்தான் உப்பிப்போச்சு. சுத்தி இந்த ஒட்டு இருந்தா அங்க தண்ணி எறங்காது. மிச்சக் கதவுக்கும் இதே மாதிரி செஞ்சுடுங்க ரெண்டு பேரும்.”

ஐயனார் மருமகளை ஒரு பார்வை பார்த்தார்.

“அவ மொதல்ல கொடையட்டுங்க. நான் அவளைக் கேட்டுக்கிட்டு அடைக்கிறேன்.”