யாரும் சுடாத குண்டு

மாலை ஐந்து நாற்பதுக்கு, சுடுதளத்தில் என்னைத் தவிர ஆள் இல்லாத நேரத்தில், குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோ தானாக ஓர் எண்ணைக் காட்டியது. வினாடிக்கு 412 மீட்டர்.

எதிர்க்கோடியில் இலக்குத் தகரங்கள் பனிமூட்டத்தில் பாதி கரைந்திருந்தன. யாரும் சுடவில்லை. சத்தமும் இல்லை. எந்தக் குண்டு போனது என்று யோசிப்பதற்குள் அடுத்தது: 97. பிறகு 1030.

என் வேலை அளப்பது. போட்டிக்கு வரும் ஒவ்வொரு ஏர் ரைஃபிளும் முதலில் என் மேசைக்கு வர வேண்டும். குரோனோ என்பது ஒரு முழ நீளப் பெட்டி. மேலே பார்த்தபடி இரண்டு கண்கள், அவற்றுக்கு மேலே குடைபோல இரண்டு வெள்ளைத் தகடுகள். ஈயக் குண்டு கடக்கும்போது அதன் நிழல் முதல் கண்ணில் விழும், கடிகாரம் ஓடும். இரண்டாம் கண்ணில் விழும், கடிகாரம் நிற்கும். அதிலிருந்து வேகம் வரும். எங்கள் கழகத்தில் 240 மீட்டர்தான் எல்லை. இரண்டு குண்டு சுட்டு இரண்டுமே அதைத் தாண்டினால் அந்தத் துப்பாக்கி வெளியே. அப்பீல் கிடையாது.

அன்று மேகம் கவிந்து சீக்கிரமே இருட்டிவிட்டது. கண்களுக்கு வெளிச்சம் போதாதென்று மேலே இருந்த டியூப்லைட்டைப் போட்டிருந்தேன். இப்போது அணைத்தேன். எண்கள் நின்றன. போட்டேன், மறுபடி வந்தன. நான்கு தடவை அப்படியே செய்து பார்த்தேன். டியூப்லைட் ஒரு வினாடிக்கு நூறு தடவை மங்கி எழும் என்று எங்கோ படித்தது ஞாபகம். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த மங்கலைக் குரோனோ நிழல் என்று எண்ணிக்கொள்கிறது. வெள்ளைத் தகடுகளுக்கு நடுவே எதுவுமே பறக்காமல் எண்கள் மட்டும் மலர்ந்து மறைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. நோட்டில் வரிசையாக எழுதினேன். யாரும் சுடாத பதினோரு குண்டுகள்.

பதினோராவதில் கை நின்றது.

நான்கு வருடத்துக்கு முன் இதேபோல் ஒரு மாலை. மெஷினுக்குக் கண் தெரியட்டும் என்று நல்ல எண்ணத்தில் இதே விளக்கைப் போட்டு, என் நாத்தனாரின் ரைஃபிளை அளந்தேன். 251, 246. 'வேகம் கூடுதல். நிராகரிக்கப்பட்டது' என்று என் கையாலேயே எழுதினேன். அதற்கு முந்தைய மூன்று சுற்றிலும் முதலாவதாக வந்தவள் அவள். வேகம் கூட்ட ஸ்பிரிங்கை மாற்றிவிட்டாள் என்று ஊர் பேசியது. துப்பாக்கி பரணுக்குப் போனது. எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள். தண்ணீர் வந்தது, கேஸ் வந்தது என்பதற்கு மேல் என்னிடம் பேச்சு இல்லை.

வீட்டுக்கு ஓடினேன். மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து கொண்டுவந்த ஃபிரேம் ஒன்றை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உன் ரைஃபிளை எடுத்துக்கிட்டு வா."

"எதுக்கு? பரண்ல தூசி எத்தனை மீட்டர்னு பாக்கணுமா?"

"அன்னைக்கு நான் தப்பா அளந்திருக்கலாம்."

ஸ்குரூடிரைவர் நின்றது. "அளந்திருக்கலாமா, அளந்துட்டீங்களா?"

"அது தெரியத்தான் கூப்பிடறேன்."

"நாலு வருஷம் கழிச்சு."

"நாலு வருஷம் ரெண்டு மாசம்."

"அதையும் எண்ணி வெச்சிருக்கீங்களா அண்ணி!" என்றாள். ஆனால் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.

மெக்கானிக்கான என் கணவர் கார் பேட்டரியும் இரண்டு ஹெட்லைட் பல்பும் சுடுதளத்துக்குக் கொண்டுவந்து தகடுகளுக்கு மேல் கட்டினார். பேட்டரி வெளிச்சம் துடிக்காது.

"ஓடற வண்டியோட ரெண்டு கண்ணையும் பிடுங்கிட்டு வந்திருக்கேன். ஓனர் வந்து கேட்டா, என் தங்கச்சிக்குப் பார்வை வரணும்னு சொல்லிடறேன்" என்றார்.

"எனக்கு நல்லாத்தான் தெரியுது. உன் பொண்டாட்டிக்கு மாட்டு" என்றாள் அவள்.

நான் குண்டுகளை எண்ணி வைத்தேன்.

"ஒரு நிமிஷம்" என்றாள். "ஸ்பிரிங் இத்தனை நாள்ல தளர்ந்திருக்கும். இப்போ குறைச்சுக் காட்டினா அன்னைக்கும் குறைவுதான்னு ஆயிடுமா? ஊரு ஒத்துக்காது. நானே ஒத்துக்க மாட்டேன்."

"தெரியும். அதனாலதான் ரெண்டு வெளிச்சத்துலயும் அளக்கறோம். இதுல பத்து, அதுல பத்து. அதே துப்பாக்கி, அதே குண்டு. எதுல ஆடுதுன்னு பாப்போம்."

அவள் நின்றாள். வீட்டில் அவளுக்குக் கொக்கு என்று பெயர்; சுடுவதற்கு முன் அப்படித்தான் அசைவற்று நிற்பாள். நான்கு வருடமும் அந்த நிற்பு அவள் உடம்பில் எங்கோ மடித்து வைத்தபடியே இருந்திருக்கிறது.

டியூப்லைட்டின் கீழ்: 231, 249, 238, 256, 224, 243... ஒவ்வொன்றும் ஒவ்வொரு துப்பாக்கியிலிருந்து வந்ததுபோல.

டியூப்லைட்டை அணைத்து பல்பைப் போட்டோம். மூட்டத்துக்குள் இரண்டு வெள்ளைத் தகடுகளும் மஞ்சளாக மிதந்தன. 233. 234. 233. 233. 234. பத்தும் அப்படியே, ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி.

அவள் என் தோளுக்குப் பின்னால் வந்து நோட்டைப் படித்தாள். மூச்சு என் காதில் பட்டது.

"அன்னைக்கு என்னை நம்பினீங்களா?"

பொய் சொல்ல வரவில்லை. "மெஷினை நம்பினேன்."

"ஒரே வீட்டுல இருந்தோமே, அண்ணி."

அலமாரியைத் திறந்து பழைய பதிவேட்டை எடுத்தேன். அந்தப் பக்கம் சட்டென்று கிடைத்தது. எத்தனையோ தடவை அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். சிவப்பு மையில் எழுதினேன்: 'மேற்கண்ட அளவு டியூப்லைட்டின் கீழ் எடுக்கப்பட்டது. செல்லாது. தவறு அளந்தவளுடையது.' இன்றைய இருபது எண்களையும் கீழே சேர்த்தேன்.

"பொடி எழுத்துல எழுதி ஒளிச்சு வைக்காதீங்க. எல்லாருக்கும் தெரியணும்" என்றாள்.

மூன்று வரியையும் பெரிதாக மறுபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாளை காலை செயலாளர் மேசையில் இதை நானே வைக்க வேண்டும். அந்த விளக்கின் கீழ் வேறு யார் யாரை அளந்தேன் என்றும் தேட வேண்டும்.

அவள் மறுபடி போய் நின்றாள். சுட்டாள், சுட்டுக்கொண்டே இருந்தாள். பேட்டரி இறங்கி பல்புகள் செம்மண் நிறத்துக்கு வந்தன. தகடுகள் மங்கி மூட்டத்தோடு சேர்ந்தன. எதிர்க்கோடியில் தகரம் 'டக்' என்றது. திரையில் ஒன்றுமே வரவில்லை.

"எவ்வளவு அண்ணி?"

"மெஷினுக்குக் கண் தெரியலை."

"உங்களுக்கு?"

"இருநூத்து முப்பத்து மூணு" என்றேன்.

இருட்டில் அவள் சிரித்தாளா, தெரியவில்லை. அடுத்த குண்டைப் போடும் சத்தம் மட்டும் கேட்டது.