நெஞ்சில் பதிந்த வட்டங்கள்

முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே செல்லத்தாய் சிரித்தாள். "இந்த இடது கை ரெண்டு நாளா கடுத்துக் கடுத்து வேலநிறுத்தம் பண்ணுதுக்கா. வலது கைக்கு மட்டுந்தான் சோறு போடுறேன்னு நெனச்சுக்கிருச்சு போல."

"சிரிக்காதடி. ஆஸ்பத்திரிக்குப் போ" என்றாள் அக்கா அன்னக்கொடி.

"போறேன், போறேன். பெரிய மச்சான் கூட்டிட்டுப் போறேன்னுருக்காரு."

செல்லத்தாயின் புருஷன் திருப்பூரில் வேலை பார்த்ததால், அவனுடைய அண்ணன் விருமாண்டிதான் அவளை உசிலம்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இசிஜி எடுத்தார்கள். கம்ப்யூட்டர் 'நார்மல்' என்றது. வாயுவுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் விடிந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை.

குளிப்பாட்டும்போதுதான் அன்னக்கொடி பார்த்தாள். இசிஜி மிஷினின் ரப்பர்க் குமிழ்கள் பிடித்த இடமெல்லாம் சிவந்த வட்டங்கள். கழுத்துக்குக் கீழே அட்டிகை போட்டதுபோல் வரிசையாக இருந்தன. ரவிக்கை மறைக்கும் இடத்தில் ஒன்றுகூட இல்லை. அழுகைக்கு நடுவில் அதற்கு அர்த்தம் புரியவில்லை.

தை மாதம் அன்னக்கொடியின் புருஷன் முத்துப்பாண்டிக்கு மதுரையில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன்னால் அவருக்கும் இசிஜி எடுத்தார்கள். அவர் நெஞ்சிலும் அதே வட்டங்கள். ஆனால் அவை நடு நெஞ்சில் தொடங்கி, இடது மார்புக்கு அடியில் வளைந்து, அக்குளுக்குக் கீழே விலாவரைக்கும் போயிருந்தன. அன்னக்கொடி நர்ஸைக் கேட்டாள்.

"அங்கதாம்மா வைக்கணும். மேல தள்ளி வச்சா கம்ப்யூட்டர் தப்பாப் படிச்சிரும். அதுக்கு நாம எங்க வச்சோம்னு தெரியாதுல்ல?"

என்ன நடந்திருக்கும் என்று அன்னக்கொடிக்கு விளங்கிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் மச்சான் விருமாண்டி நின்றிருப்பார். செல்லத்தாய் முந்தானையிலிருந்து கையை எடுத்திருக்க மாட்டாள். மிஷின்காரர் கை எட்டின இடத்தில் ஒட்டி முடித்திருப்பார். சரியான இடத்தில் வைத்திருந்தால் தங்கச்சி பிழைத்திருப்பாளா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் நெஞ்சை யாரும் ஒழுங்காகக் கேட்கக்கூட இல்லை.

அந்த வருஷமே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருதய முகாம் போட்டார்கள். நெஞ்சுத்துடிப்பைக் கம்ப்யூட்டரே படித்து, ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாமா என்று சொல்லிவிடுமாம். ஏற்பாடெல்லாம் விருமாண்டிதான். பெண்களுக்கான அறை வாசலில் அவரே நின்றுகொண்டார்.

"தம்பி, எங்க பொம்பளைக ரவிக்கையெல்லாம் அவுக்க மாட்டாக. கழுத்துக்குக் கீழ மேலாப்புல வச்சு சட்டுனு முடிச்சு விடு."

டெக்னீஷியன் சூரியபிரகாஷ் தலையாட்டினான். முதலில் படுத்தது விருமாண்டியின் மனைவி கனகலட்சுமி. அவளுக்குக் காலையிலிருந்தே தோள்பட்டையில் கடுப்பு. வரிசையில் நின்ற அன்னக்கொடி எட்டிப் பார்த்தாள். அதே அட்டிகை.

"நார்மல்தான்" என்றான் சூரியபிரகாஷ். கனகலட்சுமி தோளைத் தேய்த்துக்கொண்டே எழுந்தாள்.

அன்னக்கொடி உள்ளே போனாள். "எந்திரிக்காதக்கா. படு. மச்சான், நீங்க வெளிய போங்க."

"எனக்குச் சொல்ல நீ யாரு?"

"செல்லத்தாய்க்கு அக்கா. அன்னைக்கும் இப்பிடித்தான நின்னீக?"

விருமாண்டிக்கு முகம் கறுத்தது. "மானம் மருவாதின்னு ஒண்ணு இருக்கு."

"செத்தவள அம்புட்டுப் பேரு சேந்து குளிப்பாட்டுனோம். உசுரோட இருக்கையில ஒரு ஆளு பாத்தா மட்டும் மானம் போயிருமோ? போங்க மச்சான். இல்லாட்டி நான் போக மாட்டேன், இந்த வரிசையும் நகராது."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வரிசையில் நின்ற பாண்டிமீனா தன் கூடையிலிருந்த சேலையை உதறி, இன்னொருத்தியிடம் ஒரு முனையைக் கொடுத்துத் திரையாகப் பிடித்தாள். வெளியே பிரஷர் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் அஸ்வினி, "நான் வைக்கிறேங்க்கா" என்று எழுந்து வந்தாள்.

எல்லோரும் கனகலட்சுமியைப் பார்த்தார்கள். அவள் புருஷனைப் பார்க்கவில்லை. "கொக்கிய நானே அவுக்குறேன்டி. பிச்சுப்புடாதீக, புது ரவிக்க."

விருமாண்டி வெளியே போனார்.

இந்தத் தடவை அஸ்வினி குமிழ்களை மார்புக்கு அடியில் விலாவரைக்கும் வைத்தாள். சூரியபிரகாஷ் கம்ப்யூட்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்று கம்ப்யூட்டர் சிவப்பில் காட்டியது. டாக்டருக்குப் போன் போட்டான். பேரையூரிலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. விருமாண்டி யார் முகத்தையும் பார்க்காமல் ஏறி, மனைவியின் காலடியில் உட்கார்ந்தார். மதுரையில் அன்றே அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள்.

ஆம்புலன்ஸ் கிளப்பிய புழுதி அடங்குமுன் அன்னக்கொடி வாசலில் போய் நின்றாள், முன்பு விருமாண்டி நின்ற இடத்தில். "அடுத்த ஆளு வாங்க. சேலைய எறக்காத பாண்டிமீனா."

கனகலட்சுமி இப்போது நடந்தே சந்தைக்குப் போகிறாள். விருமாண்டி அன்னக்கொடியோடு பேசுவதில்லை. அவளுக்கும் அதில் குறையில்லை. உசிலம்பட்டிக்குப் போகும்போதெல்லாம் அவள் செல்லத்தாயைப் பார்த்த அந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, இசிஜி அறையைக் காட்டச் சொல்கிறாள். "மறுபடியும் வந்துட்டீங்களாம்மா?" என்கிறார் மேனேஜர். "வருவேன்" என்கிறாள்.

கட்டிலைச் சுற்றித் திரை மாட்டக் கம்பி இருக்கிறது. திரை இன்னும் இல்லை.