உறைக்குள் போகாத கத்தி

சனிக்கிழமை கடை நான்கு மணிக்குப் பூட்டிவிடும். நோர்வேயில், புறநகரான புருசெத்திலிருந்து நகரத்துக்குப் போகிற ரயிலில் சந்திரகுமார் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர் மாதிரி இருந்தார். இருந்தார் என்று எங்கே சொல்வது, எழும்புவார், கம்பியைப் பிடிப்பார், திரும்பக் குந்துவார், மணி பார்ப்பார். பக்கத்தில் மனைவி ராசமலர். ஒரு கத்தி வாங்கப் போகிற ஆளுக்குத் துணை எதற்கு? "எனக்கும் ஒரு சோடி காலுறை வேணும்" என்று சொல்லி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வேண்டாமென்று சொல்ல மனுசனுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

"உங்களிட்டை மடக்குக் கத்தி இருக்குத்தானே, அதுக்கென்ன வந்தது?"

"அது இறுகிப்போச்சு."

"எண்ணெய் விட்டுப் பாத்தனீங்களோ?"

"விட்டனான், விட்டனான்! சும்மா தொணதொணக்காதையும்."

பச்சைப் பொய். அந்தக் கத்திக்கு ஒரு குறையும் இல்லை. இறுகிப்போனது அவருடைய வலது கைப் பெருவிரல். மாடிக் குடியிருப்பு ஒன்றில் பத்தொன்பது வருடமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறார். அட்டைக் கட்டு அறுக்க, கதவு ரப்பர் வெட்ட, பழைய கம்பளம் கிழிக்க என்று நாளுக்கு இருபது தரம் கத்தி எடுக்க வேண்டும். நாலைந்து மாதமாக அந்த விரல் சொல்வழி கேட்பதில்லை, கையும் மெல்ல நடுங்குகிறது. புதன்கிழமை அவர் பல்லால் கடித்துக் கத்தியைத் திறந்ததை மேலாளர் அனஸ்ரேசியா கண்டு சிரித்தாள். வியாழக்கிழமை மறுபடி கண்டபோது அவள் சிரிக்கவில்லை.

ஸ்தவாங்கர் நகரில் இருக்கிற அண்ணன் குலசேகரத்துக்கும் இப்படித்தான் தொடங்கியது. ஒரே வருடத்தில் வேலை போனது. இப்போது அண்ணி சோறு குழைத்து ஊட்டிவிடுகிறாள். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து சந்திரகுமாருக்கு நித்திரை இல்லை. வெளியே தெரிந்தால் டொக்டரிடம் போ என்பார்கள், டொக்டரிடம் போனால் வேலை அம்போ. ஆகவே மடக்காத சின்னக் கத்தி ஒன்று. உறையிலிருந்து ஒரே பிடியில் உருவலாம், விரல் வித்தை ஒன்றும் தேவையில்லை. எப்படி மூளை பாருங்கள்!

கடைக்காரர் மார்க்கஸ் நரைத்த தாடிக்காரர், நிதானமான மனுசன். நான்கு கத்திகளை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக விளக்கினார். அன்றாட வேலைக்கு அலகு நாலு விரல் நீளம் போதும். துருப்பிடிக்காத இரும்பு மழைக்கும் பனிக்கும் நல்லது. மரப்பிடி அழகுதான், ரப்பர் பிடி ஈரத்தில் வழுக்காது.

"இதைவிடத் தடிச்ச பிடி இருக்கா?" சந்திரகுமார் இதையே மூன்று தரம் கேட்டார். கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

"உந்தக் கத்தியை இடுப்பிலை கட்டிக்கொண்டு ரயிலிலை வந்தா பொலிஸ் பிடிக்காதோ?" என்றாள் ராசமலர். பிறகு அதையே மார்க்கஸிடம் நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

"வேலையிடத்தில் இடுப்பில் இருக்கட்டும். வழியில் பைக்குள் வையுங்கள்" என்றார் மார்க்கஸ். பிறகு ரப்பர் பிடிக் கத்தியையும் ஒரு துண்டுக் கயிற்றையும் சந்திரகுமாரிடம் நீட்டினார். "வெட்டிப் பாருங்கள்."

உருவினார். அறுத்தார். ஒரே இழுப்பில் கயிறு இரண்டு துண்டு. அப்பாடா! நாலு மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

"நல்லது. இனி உறைக்குள் போடுங்கள்."

அடக் கடவுளே, இதை அவர் யோசிக்கவே இல்லை. உருவுவதையே நினைத்துக்கொண்டிருந்தவருக்குத் திரும்பப் போட வேண்டுமே என்பது புத்தியில் ஏறவில்லை. இடது கையில் உறை. வலது கையில் கத்தி. நுனி உறையின் வாயைத் தொட்டு விலகியது, வெளிப்பக்கம் உரசியது, பிறகு இடது கைப் பெருவிரலுக்கு நேரே போய் நின்று நடுங்கியது.

"வெளியிலை குளிர், கை விறைச்சுப்போச்சு" என்றார், யாரும் கேட்காமலே.

ராசமலர் உறையை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கி, மேசையில் அசையாமல் பிடித்தாள். "இப்ப போடுங்கோ."

கத்தி உள்ளே போனது.

"புரட்டாதியிலையே கண்டனான்" என்றாள், தணிந்த குரலில். "தெறி பூட்டுற சேட்டெல்லாத்தையும் ஒளிச்சுப்போட்டு, தலையாலை போடுற சேட்டா வாங்கித் தந்தனான். மலிவுக்கு வாங்கினதெண்டு நினைச்சியளோ?"

அவர் குனிந்து தான் போட்டிருந்த சேட்டைப் பார்த்தார்.

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு. திங்கட்கிழமைக்கு டொக்டரிட்டைச் சொல்லியிருக்கிறன். நானும் லீவு எடுத்திட்டன்."

"என்னைக் கேக்காமலோ?"

"நீங்கள் என்னைக் கேட்டோ மறைச்சனீங்கள்?"

கோபம் வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. "அண்ணனைப் போல ஆனால்..." என்று தொடங்கினார்.

"ஆனால் ஊட்டுவன். அதுக்கென்ன இப்ப? நாலு மாசம் ஒரு வீட்டுக்குள்ளை என்னட்டை ஒளிச்சுத் திரிஞ்சியளே, அதுதான் எனக்குத் தாங்கேலாமக் கிடக்கு." அவள் கண்ணைத் துடைத்துவிட்டுக் காலுறைத் தட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு சொல்லும் விளங்காத மார்க்கஸ் பொறுமையாக நின்றார். சந்திரகுமார் அவரைப் பார்த்தார். நாலு மாதம் தொண்டையில் கிடந்தது, தெரியாத ஒருவரிடம், பிறமொழியில் வெளியே வந்தது.

"என் கை நடுங்குகிறது. எனக்கு எது சரிவரும்?"

மார்க்கஸ் நான்கு கத்திகளையும் அள்ளி உள்ளே வைத்தார். கீழ்த்தட்டிலிருந்து சிவப்புப் பிடிக் கத்தி ஒன்றை எடுத்து வந்தார். உருண்டையான நுனி, விரல் வழுக்காமல் பிடியில் ஒரு தடுப்பு, அகன்ற வாயுள்ள உறை. சின்னப் பிள்ளைகள் காட்டுக்குப் போய்த் தடி சீவிப் பழகுகிற கத்தி.

"பிள்ளைகளுக்காகச் செய்தது" என்றார், சிரிக்காமல். "ஆனால் எல்லாம் வெட்டும்."

சந்திரகுமாருக்குக் காதுமடல் எரிந்தது. ஐம்பத்தெட்டு வயதில் பிள்ளைக் கத்தி! மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விடலாம் போலிருந்தது. போகவில்லை. உருவினார், மிச்சக் கயிற்றை அறுத்தார், உறையைத் தானே பிடித்தார். முதல் தரம் தவறியது. இரண்டாம் தரமும் தவறியது. மூன்றாம் தரம் உள்ளே போனது.

"மலர்" என்று கூப்பிட்டார். "திங்கட்கிழமை எத்தினை மணிக்கு?"