திரைக்குப் பின்னால் இரண்டு ஜோடி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் ஒலிக்கருவிக் கண்காட்சி. நான்காவது மாடியில் ஓர் அறையை எடுத்திருந்தவர், பிரிக்பீல்ட்ஸில் இசைக்கடை வைத்திருந்த இராமலிங்கம்.

அறையில் கறுப்புத் திரை. பின்னால் இரண்டு ஜோடி ஸ்பீக்கர். ஒன்று ஐரோப்பாவிலிருந்து வந்தது. அந்த விலைக்கு இரண்டு புரோட்டோன் சாகா கார் வாங்கலாம். இன்னொன்று கிள்ளானில் தகரக் கூரைப் பட்டறையில் செய்தது. பெட்டியை இழைத்தவர் தச்சர் வேலாயுதம். உள்ளே இருந்ததெல்லாம் சிவமலரின் வேலை. பெட்டாலிங் ஜெயாவில் ரேடியோ தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வந்தவள்.

இராமலிங்கத்தின் வாடிக்கையாளர்கள் பன்னிரண்டு பேர் கேட்பார்கள். சீட்டில் ஒன்று அல்லது இரண்டு என்று எழுதுவார்கள். கிள்ளான் பெட்டி ஜெயித்தால் இருபது ஜோடிக்கு ஆர்டர். தோற்றால் மாதக் கடைசியில் பட்டறையை மூட வேண்டியதுதான்.

எது ஒன்று, எது இரண்டு என்பது நாணயம் சுண்டிய இராமலிங்கத்துக்கு மட்டுமே தெரியும்.

முதலில் ஐரோப்பியக் கம்பெனி ஏஜெண்ட் பழனியப்பன் கொண்டுவந்த இசைத்தட்டு. பியானோ. இரண்டிலும் போட்டார்கள்.

“ரெண்டாவதுதான் நம்மது,” கடைசி வரிசையில் சிவமலரிடம் வேலாயுதம் கிசுகிசுத்தார்.

“இல்ல வேலு. மொதல்ல வந்தது.”

“அக்கா, நான் இழைச்ச பொட்டி. எனக்குத் தெரியாதா?”

“ஒன்றரை வருசமா நான் கேட்ட பொட்டி. எனக்குத் தெரியாதா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். செய்தவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. சிவமலருக்குச் சிரிப்பு வந்தது.

முன்வரிசையில் கந்தப்பு. ஓய்வுபெற்ற ரயில்வே கிளார்க். கழுத்துப்பட்டை கட்டி வந்திருந்தார். “ஒருத்தரும் இன்னும் எழுதாதேங்கோ. மற்றதையும் கேப்பம்,” என்றார். எல்லோரும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்து சிவமலரின் டேப். கிள்ளானில் ஒரு கல்யாணத்தில் அவளே பதிவு செய்தது. நாதஸ்வரம், தவில். தாலி கட்டும் நேரம்.

“ஒண்ணு,” என்றார் இராமலிங்கம்.

நாதஸ்வரம் ஓரிடத்தில், தவில் ஓரிடத்தில். கண்ணாடிபோல் தெளிவு. கெட்டி மேளம் வந்தது, முடிந்தது. கந்தப்பு தலையசைத்தார்.

“கிளியர் லா,” என்றார் ஹார்ட்வேர் கடை லிம். பழனியப்பன் புன்னகைத்தார்.

“ரெண்டு.”

அதே நாதஸ்வரம். ஆனால் இப்போது மண்டபமே அறைக்குள் இருந்தது. ஐயரின் குரல் எழுந்தது: “கெட்டி மேளம்! கெட்டி மேளம்!” தவில் இடித்தது.

கந்தப்பு எழுந்து நின்றார். வலது கை தானாக உயர்ந்தது. கையிலிருந்த சீட்டு அட்சதைபோல் திரையை நோக்கிப் பறந்தது. அடுத்த நாற்காலியில் தனலெட்சுமி டீச்சர். அவர் சீட்டும் பறந்தது. பிறகு வரிசை வரிசையாக. லிம் சுற்றிலும் பார்த்தார். தன்னுடையதையும் எறிந்தார். பென்சிலையும் சேர்த்து.

டேப் நின்றது. கந்தப்பு தன் வெறுங்கையைப் பார்த்தார்.

“என்ன பாஸ் இது?” பழனியப்பன் எழுந்தார். “யாருமே எழுதல. ஓட்டே இல்லாம எப்படி?”

இராமலிங்கம் தரையைப் பார்த்தார். “ஏன் இல்ல? ஓட்டெல்லாம் விழுந்திருச்சே.”

அறை சிரிப்பில் அதிர்ந்தது.

“மொத தடவ கேட்டப்ப அவங்களுக்குப் புதுசு. ரெண்டாவது தடவ பழகிடுச்சு, கை தூக்கிட்டாங்க. மாத்திப் போடுங்க,” என்றார் பழனியப்பன்.

“நியாயந்தான். போடுங்க,” என்றாள் சிவமலர்.

வேலாயுதம் அவள் முழங்கையைப் பிடித்தார். “அக்கா, சும்மா இருங்களேன். விழுந்தது நமக்கான்னே தெரியல.”

“அதான் தெரிஞ்சுக்கணும்.”

புதிய சீட்டுகள். “எல்லாரும் கையக் கட்டிக்குங்க,” என்றார் பழனியப்பன். கட்டிக்கொண்டார்கள். இந்த முறை இரண்டு முதலில் வந்தது. கெட்டி மேளம் என்றதும் டீச்சர் கை பிய்த்துக்கொண்டு எழுந்தது. கந்தப்பு கையைக் கட்டியபடியே நாற்காலியைவிட்டு எழும்பிவிட்டார். பிறகு ஒன்று வந்தது. யாரும் அசையவில்லை.

எழுதினார்கள். இரண்டுக்குப் பதினொன்று. ஒன்றுக்கு ஒன்று.

“நான் கிளியர்தான் பாப்பேன் லா,” என்றார் லிம்.

இராமலிங்கம் திரையை இழுத்தார். இரண்டு என்ற அட்டை பழுப்பு மெராந்தி மரப் பெட்டியின்மேல் இருந்தது.

“ரெண்டாவதுன்னு சொன்னேன்ல!” வேலாயுதம் கத்தியது அடுத்த அறைக்கும் கேட்டிருக்கும். சிவமலர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பழனியப்பன் பெட்டி அருகே குனிந்தார். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். மறுபடி தட்டினார். “யாரு இழைச்சது?” என்றார்.

“இருபது ஜோடி,” என்றார் இராமலிங்கம். “தீபாவளிக்குள்ள முடியுமா?”

“முடியும்!” என்றார் வேலாயுதம்.

“முடியாது!” என்றாள் சிவமலர். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

இராமலிங்கம் ஆர்டர் புத்தகத்தை எடுத்தார்.

“பதினாறு ஜோடி முடியும்,” என்றாள் சிவமலர்.

“பதினேழு,” என்றார் வேலாயுதம்.