இரண்டு பேருக்கு ஒரு வக்கீல்

தனக்கோடிக்கு இப்போதெல்லாம் விழித்திருக்கும்போதே கனவு வருகிறது. விருத்தாசலம் கோர்ட் வராந்தாவில் நிற்கிறவர்கள் எல்லோரும் பீங்கான் மாவு படிந்தது போல வெள்ளையாகத் தெரிகிறார்கள். அவர்களுக்கு நடுவே மாணிக்கவேல் பீடி கேட்டுக்கொண்டு போகிறான். அவன் செத்து, மாசி வந்தால் வருடம்.

பீங்கான் பட்டறையில் சூளை வாயைச் செங்கல் வைத்து அடைத்துச் சுடுவார்கள். உள்ளே ஆறிய பிறகுதான் உடைக்க வேண்டும். ஆறும் முன்பே உடைத்ததில் வெந்து போனவன், கூட வேலை பார்த்த மாணிக்கவேல். உடைத்தது சூளைக்காரன் தனக்கோடி. உடைக்கச் சொல்லி ஃபோன் செய்தது முதலாளி திருமால். வழக்கு இருவர் மேலும் விழுந்தது.

வக்கீல் ராஜ்மோகனை முதலாளியே அமர்த்தினார். வக்காலத்தை நீட்டியதும், சம்பள நாளில் போடுவது போலத் தனக்கோடி கையெழுத்துப் போட்டான். பட்டறையில் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் எவனும் இல்லை. ஃபோன் வந்த கதையையும் அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். தலையாட்டிக் கேட்டுக்கொண்டவர், போன வாய்தாவில், சூளைக்காரர் தன்னிஷ்டத்துக்கு உடைத்துவிட்டார், முதலாளிக்கு எதுவும் தெரியாது என்றார்.

அன்றைக்கே அவன் வக்கீல் பூங்கோதையைப் போய்ப் பார்த்தான். வரத் தயார், ஆனால் பழைய வக்கீல் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டும், அதுதான் வழக்கம் என்றாள். ராஜ்மோகன் இன்று நாளை என்று இழுத்தடித்தார்.

இன்று பெயர் கூப்பிட்டதும் இருவருக்கும் சேர்த்து அவரே எழுந்து நின்றார். கூண்டுக் கம்பி சுடுவது போலிருந்தது தனக்கோடிக்கு.

"ஐயா, இவரு எனக்கு வேணாங்க. இவரு மொதலாளிக்குத்தான் வக்கீலு. எனக்கு அந்தம்மா வந்தா போதும்."

கட்சிக்காரரே வேண்டாம் என்ற பிறகு எப்படி நிற்பீர்கள் என்று நீதிபதி கேட்டார். ராஜ்மோகன் அங்கேயே ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். முதலாளிக்காகத் தொடர்கிறேன் என்றும் சொன்னார்.

பூங்கோதை எழுந்தாள். "உங்கள நம்பித்தான சார் இவரு எல்லாத்தையும் சொன்னாரு. அதக் கேட்டுக்கிட்டு இவருக்கு எதிராவே நிப்பீங்களா?"

ராஜ்மோகன் முதலாளியின் வழக்குக் கட்டையும் மூடி வைத்தார். யோக்கியம் திரும்பி வந்ததா, வேறு வழியில்லையா என்பது அவருக்குத்தான் தெரியும். திருமால் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"வேற ஆளப் பாத்துக்குங்க," என்றார் ராஜ்மோகன்.

வெளியே புங்க மரத்தடியில், முதலிலிருந்து சொல்லுங்கள் என்றாள் பூங்கோதை. மாணிக்கவேல் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டான். தனக்கோடி அவனை விரட்டவில்லை.

"ஒடச்சது நாந்தான் மேடம். இன்னும் ஆறலைன்னு ஃபோன்ல சொன்னேன். அப்பவும் ஒடைன்னாரு."